எதிர்ப்பு சக்தி இருக்குதாம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் தட்டில் சாப்பாட்டுச் சாமான் வைப்பதில்லை. அங்கே என் மகனின் மருந்துப் புட்டிகள் இருக்கும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கதவைத் திறந்து அவற்றை எண்ணுவேன். முந்தின நாள் எண்ணிய புட்டிகள்தான். யாரும் எடுத்துக் குடித்துவிடப் போவதில்லை. ஆனாலும் எண்ணாமல் இருக்க முடியாது.

"இன்னாங்க, குட்டி கிட்டி போட்டுச்சா?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள்.

எண்ணுவது எனக்குத் தொழிலால் வந்த நோய். நான் பட்டுப்புடவைக்கு டிசைன் வரைந்தவன். கிராஃப் தாளில் மயிலையும் அன்னத்தையும் கட்டம் கட்டமாக நிரப்பித் தருவேன். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுவார்கள். துளை உள்ள இடத்தில் இழை மேலே எழும்பும், இல்லாத இடத்தில் கீழே கிடக்கும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் தலைமேல் தொங்கவிட்டால் அவை சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். ஒரு கட்டத்தை நான் விட்டுவிட்டால் மயிலுக்குக் கண் இருக்காது. ஒரு மயிலுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த அட்டை திரும்பி வரும்போதெல்லாம் ஒரு குருட்டு மயில் வரும். கரை முழுக்க வரும். அந்தப் பயத்தில் நான் எண்ணியதையே எண்ணுவேன். இப்போது கணினியில் அதே வேலையை என் மகன் மாடியில் உட்கார்ந்து செய்கிறான். அவன் எண்ணுவதில்லை. இயந்திரம் எண்ணிக்கொள்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எங்களுக்கு அவன் ஒருவன்தான். முப்பதைத் தாண்டிவிட்டான், மணமாகவில்லை. அவன் குழந்தையாக இருந்தபோது குலதெய்வக் கோயிலில் பெரிய மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். மற்றப் பிள்ளைகள் அழுது ஓய்ந்து பொரியுருண்டை தின்னப் போய்விட்டார்கள். இவனும் அழுது ஓய்ந்துவிட்டான், ரத்தம் ஓயவில்லை. மஞ்சளை வைத்தோம், காப்பித்தூளை வைத்தோம். மாமனின் வேட்டி நனைந்தது. அடுத்த நாளும் காதில் துணி வைத்துக் கட்டியபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ரத்தத்தை உறையவைக்கும் சரக்கு ஒன்று இவன் உடம்பில் உற்பத்தியாவதில்லை என்று டாக்டர் சொன்னார். ஹீமோஃபிலியா என்று பெயர் சொன்னார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா? நீங்க கேரியரா இருப்பீங்க" என்றார்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, அது நிற்காமல், பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே போய்விட்டான். திருஷ்டி என்று அந்தக் காலத்தில் சொன்னார்களாம். அதை டாக்டரிடம் அவள் சொல்லவில்லை. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் என்னிடம்தான் கேட்டாள்.

"கேரியர்னாங்களே, இன்னாங்க அது? சோறு எடுத்துக்கினு வர்ற கேரியரா?"

நான் படித்தவன். தாயிடம் இருக்கும், தாயை ஒன்றும் செய்யாது, மகனுக்குப் போய்ச் சேரும் என்று சொன்னேன். அவள் கையிலிருந்த எவர்சில்வர் தூக்கைப் பார்த்தாள். "அப்ப கேரியர்தான்," என்றாள். "உள்ள இன்னா இருக்குதுன்னு அதுக்குத் தெரியாது. எடுத்துக்கினு வந்து குடுத்துட்டு நிக்கும்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை வந்தாலும், சிரிப்பு வந்தாலும் அந்தச் சொல் வரும். உப்பு கூடிப்போனால், "கேரியர் மேல போடுங்க பழிய" என்பாள். நான் சிரிப்பேன். அவள் சிரிக்கிறாளா என்று கவனிப்பேன்.

இல்லாத அந்தச் சரக்கைத்தான் புட்டியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை அவன் நரம்பில் ஏற்றுகிறோம். ஃபாக்டர் என்று சொல்வோம். முன்பெல்லாம் யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து வந்தது. இப்போது வருவது அப்படியில்லை. ஏதோ ஒரு செல்லுக்குள் மனிதனின் ஜீனைச் செலுத்தி, அதைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அந்த செல்களையே ஃபாக்டர் செய்யவைத்து எடுக்கிறார்களாம். யாரோ ஒரு கூட்டத்தார், எங்களை ஒருநாளும் பார்க்காதவர்கள், எங்கோ குனிந்து வேலை செய்ததால் என் மகன் முப்பது வயதைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்ட மாமனுக்கு அது கிடைக்கவில்லை.

ஆனால் முட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. சிறுவயதில் மருந்து கிடைக்காத காலங்களில் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து தேங்கி, இடது முழங்கால் தடித்துவிட்டது. வலது முழங்கை முழுதாக மடங்காது. அதனால் அவனால் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாது. பக்கத்துக் கிளினிக்கில் நர்ஸுகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவன் நரம்பு அவர்களுக்கு அகப்படுவதில்லை. போனால் மூன்று இடம் வீங்கித்தான் திரும்பி வருவான்.

என் மனைவிதான் போடுவாள். நெசவுக்காரர் மகள். பாவில் அறுந்த இழையை விரலால் தடவியே கண்டுபிடித்து முடிச்சுப் போட்ட கை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். புட்டியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்ட வேண்டும். ரப்பர் பட்டையைக் கட்டி, தடவி, குத்தி, மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் அவனுக்கு மார்பு படபடக்கும். அதற்காக நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். என் எண்ணிக்கைக்கு அவள் தள்ளுவாள். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதால் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் எண்ணுவேன்.

எங்கள் இருவருக்கும் எண்ணுவதில் ஒரு பழைய வழக்கு உண்டு. அரிசி அளக்கும்போது அவள் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டாள். அவள் அப்பா வீட்டு வழக்கப்படி "லாபம்" என்பாள். லாபம், ரெண்டு, மூணு. "ஒண்ணுன்னு சொன்னா அரிசி இன்னா கொறஞ்சா போயிடும்? எண்ணுன்னா எண்ணு" என்று நான் எரிந்து விழுவேன். "உங்களுக்கு கணக்கு வேணும், எனக்கு சோறு வேணும்" என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் கண்ணில் புகை படர ஆரம்பித்தது. புரை என்றால் ஆபரேஷன் செய்துவிடலாம். இது உள்ளே நரம்புப் படலம் தேய்கிறதாம். ஓரம் தெரியும், நடுவில் தெரியாது. இனி மெல்லக் குறையுமே தவிரத் திரும்ப வராது என்று கண் டாக்டர் சொன்னார். வரும் வழியில் அவள் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனை திரும்பியதும் நின்று, "எனக்குத் தெரியலன்னா போவுது. அவன் கை தெரியலன்னா இன்னா பண்றது?" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மகன் ஒரு செய்தி கொண்டுவந்தான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜீனையே உடம்புக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு ஆள் எடுக்கிறார்கள். மூவரும் பஸ் ஏறிப் போனோம்.

எங்களுக்கு விளக்கிச் சொல்ல வந்தது ஓர் இளம்பெண். நாங்கள் டாக்டரம்மா என்றோம். "நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லம்மா. லேப்ல ஜீன் வேலை பண்றவ. இன்ஜினியர்னு வெச்சுக்கங்களேன்" என்றாள்.

"எங்க தெருவுல வூட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருக்கறான்மா," என்றாள் என் மனைவி. "ஒருத்தனும் உருப்படியா ஒண்ணும் பண்ணல. நீயாவது பண்ணு."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். ஒரு சின்ன வைரஸை எடுத்து, அதன் உள்ளே இருப்பதை வழித்தெறிந்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். கூட்டுக்குள் ஃபாக்டர் செய்யும் ஜீனை வைக்கிறார்கள். நரம்பில் ஏற்றினால் கூடு கல்லீரலுக்குப் போய்ச் சரக்கை இறக்கும். அதன்பின் கல்லீரலே ஃபாக்டர் செய்யும்.

"தப்பாத் துளை போட்ட அட்டையை எடுத்துட்டு வேற அட்டை கோக்கறீங்க" என்றேன்.

அட்டை என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் மறுப்பாகத் தலையாட்டினாள். "இல்ல சார். தப்பு அட்டை அங்கயே இருக்கும். நாங்க பக்கத்துல ஒரு நல்ல அட்டையைத் தொங்கவிடறோம், அவ்வளவுதான்."

"அப்ப அவனுக்குப் பொறக்கறதுங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இது கல்லீரலோட நின்னுடும். பையன் பொறந்தா அவனுக்கு எப்படியும் இந்த நோய் வராது. பொண்ணு பொறந்தா அவ கேரியரா இருப்பா."

என் மனைவி மடியிலிருந்த தூக்கை நகர்த்தி வைத்தாள். பிறகு கேட்டாள்: "எத்தினி ஊசிம்மா?"

"ஒண்ணுதான்மா. ஒரே ஒரு தடவை. எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்கும்னு சொல்ல முடியாது. ஆனா நல்லா வேலை செஞ்சா, பல வருஷத்துக்கு இந்த ஊசி வேண்டியிருக்காது."

"ஒண்ணே ஒண்ணா?" என்றாள். "அந்த ஒண்ண நானே போட்டுடட்டாம்மா? அவன் நரம்பு எனக்குத்தான் தெரியும்."



சாப்பிட்டு முடித்து என் மனைவி தூக்கைக் கழுவப் போயிருந்தபோது அந்தப் பெண் மீதியைச் சொன்னாள். அந்த வைரஸ் உலகத்தில் சும்மா திரிகிற ஒன்று. பலருக்குச் சிறுவயதிலேயே வந்து, ஒரு தொந்தரவும் தராமல் போய்விடும். வந்தது தெரியவே தெரியாது. ஆனால் உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கும். அப்படி ஞாபகம் உள்ள உடம்பில் கூட்டை ஏற்றினால், கல்லீரலை எட்டும் முன்பே உடம்பு அதை அழித்துவிடும். அதனால் முதலில் ரத்தத்தில் அந்த எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் இந்தச் சிகிச்சை தரமுடியாது.

மகன் ரத்தம் கொடுத்தான். பஸ்ஸில் வரும்போது என் பக்கம் சாய்ந்து, "அம்மாகிட்ட இப்ப சொல்லவாணாம் நைனா. ரிசல்ட் வரட்டும்" என்றான். முன் சீட்டில் அவள் ஜன்னல் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தாள். சரி என்றேன்.

எதிர்ப்பு சக்தி என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதையை இங்கே சொல்ல வேண்டும். கொரோனா வந்த நாட்களில் தெருவில் கபசுரக் குடிநீரை அண்டாவில் காய்ச்சிக் கொடுத்தார்கள். டிவியில், தட்டிவிளம்பரத்தில், மைக் கட்டிய ஆட்டோவில் எங்கும் அந்தச் சொல்தான். எதிர்ப்பு சக்தி இருந்தால் பிழைப்பாய், இல்லாவிட்டால் இல்லை. என் மனைவி மகனைக் கட்டாயப்படுத்தி அந்தக் கசப்பைக் குடிக்கவைத்தாள். இஞ்சி, மிளகு, நெல்லிக்காய் என்று எதைக் கொடுத்தாலும் அதைச் சொல்லித்தான் கொடுப்பாள். நோஞ்சானாக வளர்ந்த பிள்ளையின் தாய்க்கு அதைவிடப் பெரிய வரம் வேறு என்ன இருக்கிறது?

முடிவு வந்த நாளில் நான் வீட்டில் இல்லை. கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய நர்ஸ் என் மனைவியிடம், "உங்க பையன் ரத்தத்துல அந்த வைரஸுக்கு எதிர்ப்பு சக்தி நிறைய இருக்கும்மா. மேடம் பையன்கிட்ட பேசுவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் அவள் என்ன கேட்கவேண்டும்?

நான் தெருவுக்குள் நுழையும்போதே எதிர்வீட்டம்மா கையில் டம்ளரோடு, "நல்ல சேதி சொன்னாங்க, எல்லாம் முருகன் செயல்" என்றாள். எனக்குப் புரியவில்லை. வாசலில் ஏலக்காயும் நெய்யும் மணத்தது. உள்ளே என் மனைவி முகமெல்லாம் வியர்வையோடு நின்றிருந்தாள்.

"வந்துட்டீங்களா! எதிர்ப்பு சக்தி இருக்குதாம்! கொஞ்ச நஞ்சம் இல்ல, நெறய இருக்குதாம்! நான் குடுத்த கசப்புக்கெல்லாம் மூஞ்ச சுளிச்சிக்கினு இருந்தானே, இப்ப பாருங்க!"

மகன் கீழே வந்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கையில் பாயசம். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் அவனுடைய போனில் ஏற்கெனவே பேசிவிட்டாள் என்று அந்த முகமே சொன்னது. அவன் டம்ளரைக் காலி செய்து நீட்டினான்.

"இன்னொரு டம்ளர் ஊத்தும்மா. சூப்பரா இருக்குது."

எனக்கும் கொடுத்தாள். வழக்கமாக டம்ளருக்கு இரண்டு முந்திரிதான் போடுவாள். அன்று ஐந்து இருந்தன. ஐந்தையும் மென்று விழுங்கினேன். ஆறு வீட்டுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். வேலை செய்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். ஊசி போட்டபின் அவன் சைக்கிள் ஓட்டலாமா, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறலாமா, ஐயம்பேட்டையில் பார்த்து வைத்த பெண்ணின் வீட்டுக்கு இனித் தைரியமாகப் பேசலாமா என்று கேள்விமேல் கேள்வி. "இனிமே என் கண்ணு போனாலும் போவட்டும்" என்றும் சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னாள்.

மறுநாள் காலை குமரகோட்டம் முருகன் கோயிலுக்குக் கிளம்பினாள். கூடையில் தேங்காய், பூ, கற்பூரம். நான் செருப்பை மாட்டாமல் நின்றேன்.  மகன் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வந்தான்.

"அம்மா, கூடைய வெச்சுட்டு செத்த ஒக்காரு."

"வந்து ஒக்காரறேன்பா, கூட்டம் சேந்துடும்."

"ஒக்காரும்மா." அவன் அவளருகில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மருந்த எடுத்துக்கினு வர்ற வண்டி அந்த வைரசு. என் ஒடம்பு அந்த வண்டிய உள்ள வுடாது."

"ஏன் வுடாது? அதான் சக்தி இருக்குதுன்னாங்களே."

"அந்த சக்திதாம்மா வுடல."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நேராகப் பார்த்தால் முகம் தெரியாது என்பதால் தலையைச் சற்று ஒருபக்கம் திருப்பித்தான் அவள் இப்போது பார்ப்பது. அப்படிப் பார்த்தாள்.

"அப்ப நேத்து பாயசம் குடிச்சியே?"

"நல்லா இருந்துச்சும்மா."

அவள் அழவில்லை. பூ வாடிவிடும் என்று கூடையைத் திறந்து பூவை எடுத்து எங்கள் சாமி படத்துக்கே வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் தெருவில் கொடுத்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். அன்று முழுக்க டம்ளர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றில் சர்க்கரை. ஒன்றில் ஒரு முழம் மல்லிகை. ஒன்றில் நாலு கற்கண்டு. கொண்டுவந்த ஒவ்வொருத்தியும், "எப்பக்கா ஊசி?" என்று கேட்டாள். "சொல்றேன்னு சொல்லியிருக்காங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் என் மனைவி சொன்னாள். நான் கூடத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து வந்துவிட்டன. ஆறாவது எதிர்வீட்டம்மாவுடையது. இருட்டும் முன் அதுவும் வந்தது, உள்ளே குமரகோட்டத்து விபூதியோடு. எங்களுக்காக அவளே போய் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பிறகு பல நாள் அவள் அந்த வைரஸ் வந்த நாளைத் தேடிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வந்த காய்ச்சல் ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"கருடசேவை கூட்டத்துல தூக்கிக்கினு போனேனே, அப்பவா இருக்குமா? மறுநா மூக்கு ஒழுவுச்சு."

"அது வந்தது யாருக்கும் தெரியாதுன்னு அந்தப் பொண்ணே சொன்னா."

"வரதர் கோயில் கொளத்துல கால் நனைச்சானே?"

"விடு."

"உங்களுக்கு இன்னா. நான்தான கூட்டிக்கினு போனேன்."

நோயைக் கொடுத்ததும் தான், மருந்தின் வழியை அடைத்ததும் தான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அதை மறுக்க எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் எல்லாம் சொன்னேன். அவளுக்கு விஞ்ஞானத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தப் பெண் என்னை ஒருமுறை கூப்பிட்டுப் பேசினாள். அவர்கள் வேறு கூடு தேடுகிறார்களாம், உடம்புக்கு அடையாளம் தெரியாத கூடு. பலர் பல ஊர்களில் அந்த வேலையில் இருக்கிறார்கள். "எப்ப வரும்மா?" என்றேன். "சொல்ல முடியாது சார். பொய் சொல்ல எனக்கு மனசு வரல" என்றாள். அவள் குரலும் களைத்திருந்தது. போனை வைத்தபின் என் வயதையும் என் மனைவியின் வயதையும் கூட்டிப் பார்த்தேன். அதனால் என்ன விடை வரும் என்று நினைத்தேனோ தெரியவில்லை.

சென்ற வாரம் ஊசி நாளன்று அவள் வழக்கம்போலப் புட்டியை உள்ளங்கைகளில் உருட்டினாள். ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் சுவரைப் பார்த்து எண்ணுவதற்குத் தயாராக இருந்தேன். ஊசி ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். மகன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், முழங்கை மடிப்பில் ஏற்கெனவே ஒரு சிவப்புப் புள்ளி. அவள் ஊசியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க குத்துங்க."

"எனக்கு எழுபத்தாறு வயசு. நான் கத்துக்கினு இன்னா ஆவப்போவுது?"

"யாரு முன்னால போறோம்னு தெரியுமா? இங்க விரல் வைங்க. புடவைக் கரை மாதிரி மேடா தெரியுதா? அதுக்குள்ள."

விரல் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மெல்லிய ஜரிகை போல ஒன்று விரலுக்கடியில் அசைந்து கொடுத்தது. தலை சுற்றியது. "பயப்படாத நைனா," என்றான் மகன், கண்ணைத் திறக்காமலே. "மயிலுக்கு கண்ணு வெக்கற மாதிரி வெச்சுடு."

குத்தினேன். குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது. சுவர்ப் பக்கம் திரும்ப முடியாது. கட்டைவிரல் தள்ளுவதற்குக் காத்து நின்றது. எண்ண எனக்கு வாய் எழவில்லை. அவள் அவன் மறு கையைப் பிடித்துக்கொண்டு, ஒருபக்கமாகத் தலையைத் திருப்பி, அளந்து போடுகிற நிதானத்தில் ஆரம்பித்தாள்.

"லாபம்," என்றாள். நான் தள்ளினேன். "ரெண்டு."